புதிய உணவுக்கு எந்தப் பெயர்? ஐஸ்லாந்திய, பரோயே மொழிகளின் முன் உள்ள நான்கு வழிகள்

வட அட்லாண்டிக்கில் பக்கத்துப் பக்கத்தில் வாழும் ஐஸ்லாந்திய மொழியும் பரோயே மொழியும், ஒன்பதாம் நூற்றாண்டில் நார்வேயின் மேற்குக் கரையிலிருந்து கடல் கடந்து குடியேறியவர்களின் பழைய நோர்ஸ் மொழியிலிருந்து பிறந்தவை. முன்னதைப் பேசுவோர் தொகை நான்கு லட்சத்தைத் தொடாது; பின்னதைப் பேசுவோர், டென்மார்க்கில் குடியிருப்போரையும் சேர்த்தால், ஏறத்தாழ 70,000 பேர். இவ்வளவு சிறிய மொழிகளுக்குள் இன்று ஆங்கிலத்தின் உணவுப் பெயர்கள் ஓயாமல் வந்து இறங்குகின்றன. உணவகத்தின் விலைப்பட்டியலை எழுதுபவர், பொட்டலத்தின் மேல் பெயர் அச்சிடுபவர், அகராதியில் ஒரு சொல்லைச் சேர்ப்பதா விடுவதா என்று யோசிப்பவர் ஆகிய மூவரும் ஒரே முடிவைத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. வந்த சொல்லை ஆங்கில எழுத்திலேயே விட்டுவிடலாம். தம் ஒலிக்கும் இலக்கணத்துக்கும் ஏற்பத் திருத்தி எழுதலாம். தம் வேர்ச்சொற்களைக் கொண்டு புதிதாக ஒன்றை ஆக்கலாம். வழக்கொழிந்த பழஞ்சொல் ஒன்றுக்குப் புதுப்பொருள் தரலாம். இந்த நான்கில் எது எப்போது பொருந்தும் என்பதற்கு இரு மொழிகளும் ஒரே விடையைத் தர முடியாது என்பதே என் கருத்து.

கணினிக்குப் பெயர் வைப்பதும் உணவுக்குப் பெயர் வைப்பதும் ஒரே வகை வேலை அல்ல. கணினிக்கு ஐஸ்லாந்தியர் 1960-களில் ஆக்கிய ‘தோல்வா’ என்னும் சொல்லை அலுவலகமும் பள்ளியும் நாளேடும் கைக்கொண்டதும் அது நிலைபெற்றுவிட்டது. உணவின் பெயரோ கடை முகப்பில், பின்னால் வரிசை நிற்கும்போது, வாயால் சொல்லிக் கேட்கப்படுவது. குழந்தைக்கும் நாவில் வர வேண்டும். இரு மொழிகளிலும் எல்லாப் பெயர்ச்சொல்லும் ஆண்பால், பெண்பால், அஃறிணைப்பால் என்ற மூன்றில் ஒன்றில் சேர்ந்தே தீர வேண்டும். தமிழில் பால் பொருளைச் சார்ந்து அமைவதால், எந்த ஊரிலிருந்து எந்தப் பண்டம் வந்தாலும் அது அஃறிணை. ‘ஐ’ உருபு தானே ஒட்டிக்கொள்கிறது. ஐஸ்லாந்திய மொழியில் அந்த வசதி இல்லை. ‘ஒன்று’ என்னும் எண்ணுப்பெயரே ஆண்பாலுக்கு ‘எய்ட்ன்’ என்றும், பெண்பாலுக்கு ‘எய்ன்’ என்றும், அஃறிணைப்பாலுக்கு ‘எய்ட்’ என்றும் மாறும்.

ரெய்க்யாவிக் துறைமுகத்தருகே 1937 முதல் நடந்துவரும் புகழ்பெற்ற தொத்திறைச்சிக் கடையில் மக்கள் கேட்கும் முறையைப் பார்த்தால் இது விளங்கும். ‘எய்னா மெத் ஓட்லு’ என்பார்கள். ‘எல்லாம் சேர்த்து ஒன்று’ என்று பொருள். தொத்திறைச்சியைக் குறிக்கும் ‘பில்சா’ என்ற சொல் அந்த வாக்கியத்தில் இல்லை. ஆனால் ‘எய்னா’ என்பது பெண்பாலில், இரண்டாம் வேற்றுமையில் நிற்கிறது. பில்சா பெண்பாற் சொல் என்பதால் கேட்பவருக்கும் கொடுப்பவருக்கும் அதுவே போதும். பச்சை வெங்காயம், மொறுமொறுப்பாகப் பொரித்த வெங்காயம், ‘தோமாட்சோசா’ என்னும் தக்காளிச் சாறு, கடுகுக் குழம்பு, ரெமோலாடி ஆகியவை சேர்ந்து வருகின்றன. பில்சா டேனிஷ் மொழி வழியாக வந்தது, ரெமோலாடி பிரெஞ்சுப் பெயர். அமெரிக்கத் தெருவுணவைப் போலவே தோன்றும் இந்தப் பண்டத்தின் பெயரிலும் மேல்சேர்க்கைகளின் பெயர்களிலும் ஆங்கிலச் சொல் ஒன்றுகூட இல்லை. பால் அறியாத சொல்லை இப்படி ஒரு வரிசையில் நின்று கேட்க முடியாது. ஆகவே, ஒரு சொல் ‘தூயதா’ என்பதைவிட அது ‘உருபேற்குமா’ என்பதையே முதல் அளவுகோலாக நான் வைக்கிறேன்.

ஆங்கில எழுத்திலேயே விட்டுவிடும் முதல் வழி இந்த அளவுகோலில் உடனே தடுக்கிவிடுகிறது. ஐஸ்லாந்தின் 32 எழுத்துகளிலும் பரோயேயின் 29 எழுத்துகளிலும் ஆங்கிலத்தின் ‘சி’, ‘கியூ’, ‘டபிள்யூ’, ‘இசட்’ ஆகியவற்றுக்கு இடமில்லை. பரோயேயில் ‘எக்ஸ்’கூடக் கிடையாது. ஐஸ்லாந்து ‘இசட்’ எழுத்தை 1973-இல்தான் எழுத்துமுறையிலிருந்து நீக்கியது. மேலே சொன்ன கடையின் பெயர்ப்பலகையில் அந்தப் பழைய எழுத்து இன்றும் இருக்கிறது, ஏனென்றால் கடையின் பெயர் அந்த நீக்கத்துக்கு முந்தையது. இத்தாலிய ரொட்டியின் பெயரை அகராதி ‘பீட்சா’ என்று ‘ட்ஸ்’ போட்டு எழுத, கடைகள் ‘இசட்’ போட்டே எழுதுகின்றன. அச்சில் இரண்டு வடிவம் இருந்தாலும், வாயில் அது பெண்பாற் சொல்லாகி ‘பீட்சு’, ‘பீட்சுர்’ என்று முறையாகத் திரிகிறது. ஆகவே அங்கே கேடு சிறிது. திரிய மறுக்கும் சொற்களில்தான் உண்மையான கேடு. தாவர உணவு மட்டும் உண்பவரைக் குறிக்கும் ‘வேகன்’ என்னும் ஆங்கிலச் சொல் பெயரடையாக வந்து எந்த விகுதியும் ஏற்காமல், எல்லா அடைமொழியும் பெயரோடு இயைந்து மாறும் மொழியில் மரக்கட்டையாக நிற்கிறது. அதற்கு மாற்றாக ஆக்கிய ‘கிரைன்கேரி’ பச்சையைக் குறிக்கும் சொல்லை, நல்லுணவுச் சுவைஞரைக் குறிக்கும் ‘சைல்கேரி’யின் வார்ப்பில் ஊற்றியது. அழகான சொல், ஆனால் அது ஆளைத்தான் குறிக்கும், உணவுக்கு அடைமொழியாக நேரே நிற்காது. விலைப்பட்டியலில் ‘வேகன்’ தொடர்வதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இந்த முதல் வழிக்கு இன்று பலம் சேர்ப்பது சுற்றுலா. 2018-இல் ஐஸ்லாந்துக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்து போனார்கள். நாட்டின் மக்கள்தொகையைப் போல ஐந்து மடங்குக்கும் மேல். ரெய்க்யாவிக் நகர மையத்தில் ஆங்கிலத்தில் மட்டுமே விலைப்பட்டியல் வைக்கும் உணவகங்களும், ஐஸ்லாந்திய மொழி அறியாத பரிமாறுநர்களும் பெருகியது இதனால்தான். வியாபாரத்தின் நெருக்கடி எனக்குப் புரிகிறது. ஆயினும் ஒரு மொழி தன் சொந்தத் தலைநகரின் மேசையில் சோறு கேட்க முடியாமல் போவது சிறிய இழப்பு அல்ல.

இரண்டாம் வழியான ஒலித்திருத்தத்தில் ஐஸ்லாந்து தேர்ந்த கை. பர்கரைக் குறிக்கும் ‘ஹம்போர்காரி’ என்ற பெயர், குடிமகனைக் குறிக்கும் ‘போர்காரி’ என்ற சொந்தச் சொல்லோடு ஒலியில் இணைந்து, ஆண்பாலாகி, பன்மையில் ‘ஹம்போர்காரர்’ ஆகிவிட்டது. உப்பிட்ட பன்றியிறைச்சி ‘பெய்கோன்’, பொரிசோளம் ‘போப்’, சாராயம் ‘விஸ்கி’. குளிர்பானமான ‘கோக்’ சிலர் வாயில் பெண்பாலாகவும் சிலர் வாயில் அஃறிணைப்பாலாகவும் வருகிறது. தலைமுறை கடந்தும் இந்த ஊசலாட்டம் ஓயவில்லை, ஆனால் பாலே இல்லாமல் அதைச் சொல்பவர் எவரும் இல்லை. வாழைப்பழமான ‘பனானி’ நான்காம் வேற்றுமைப் பன்மையில் ‘பனோனும்’ ஆகிறது: விகுதியில் ‘உ’ வந்தால் முன் அசையின் ‘அ’ மாறும் என்ற பழைய நோர்ஸ் காலத்து விதி, வெப்பமண்டலப் பழம் ஒன்றின் பெயருக்குள்ளும் புகுந்து வேலை செய்கிறது. ஒரு சொல் உள்ளூர்ச் சொல்லாகிவிட்டது என்பதற்கு இதைவிட உறுதியான சான்று வேண்டியதில்லை.

‘கெக்ஸ்’ என்னும் பிஸ்கட்டின் வரலாறு இன்னும் சுவையானது. பழைய நோர்ஸின் ‘காகா’ வைக்கிங் காலத்தில் இங்கிலாந்துக்குச் சென்று ‘கேக்’ ஆனது. அதன் பன்மையான ‘கேக்ஸ்’ டேனிஷ் மொழிக்குப் போய் ‘கிக்ஸ்’ ஆனது. அங்கிருந்து ஐஸ்லாந்துக்கு வந்து ‘கெக்ஸ்’ என்று ஒருமைச் சொல்லாக உட்கார்ந்துகொண்டது. மூலச் சொல்லான ‘காகா’வும் அப்பத்துக்குப் பெயராக அங்கேயே இருக்கிறது. ஒரே வேரின் இரு பிள்ளைகள் ஒரே அலமாரியில் இரு பண்டங்களாக இருப்பதைப் பார்த்தவர்கள், இரவல் சொல் என்றாலே அயலானது என்று எளிதாகச் சொல்ல மாட்டார்கள். வறுத்த இறைச்சியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் நோர்ஸின் ‘ஸ்தெய்க்’கிலிருந்து போனதுதான், அங்கே ஐஸ்லாந்தியர் எதையும் இரவல் வாங்கவே வேண்டியிருக்கவில்லை.

மூன்றாம் வழியான சொல்லாக்கம்தான் ஐஸ்லாந்தின் பெருமை. அதன் வெற்றிகளையும் தோல்விகளையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால்தான் முடிவெடுக்க உதவும். இரு துண்டு ரொட்டிக்கு நடுவே எதையாவது வைத்து உண்பதற்கு ‘சம்லோகா’ என்று பெயர். ‘சம்’ என்றால் ஒன்றாக. ‘லோகா’ மூடுவதைச் சேர்ந்த சொல். இதே சொல் கடலில் இரண்டு ஓடுகள் ஒன்றையொன்று மூடிக்கொள்ளும் சிப்பி வகைக்கும் பெயர். கடற்கரை மக்களுக்கு இது விளக்கம் வேண்டாத சொல். அதனால் ஆங்கிலப் பெயர் அங்கே வேரூன்றவில்லை. குளிர்பானத்துக்குக் ‘கொஸ்’, அது பொங்கிச் சீறுதல். எரிமலை வெடிப்பும் ‘எல்ட்கொஸ்’ தான். வெடிப்பு தினசரிச் செய்தியாக இருக்கும் நாட்டில் போத்தலைத் திறந்ததும் சீறும் பானத்துக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் எங்கே கிடைக்கும்? துரித உணவுக்கு ‘ஸ்கிண்டிபிட்டி’, அதாவது சட்டென்று ஒரு கடி. ஊக்கபானத்துக்கு ‘ஓர்குட்ரிக்குர்’. இவை எல்லாம் ஒரு பண்டத்தின் தனிப்பெயராக இல்லாமல் ஒரு வகையின் பொதுப்பெயராக இருப்பதைக் கவனிக்க வேண்டும்.

பழங்களில் நடந்தது வேறு. கனியைக் குறிக்கும் ‘அல்டின்’ என்னும் பழஞ்சொல்லைக் கொண்டு ஒரு வரிசையே ஆக்கினார்கள். கத்தரிக்காய் ‘எக்கால்டின்’ ஆனது, வென்றது. கிரேப்ஃபுரூட் எனப்படும் பெரிய புளிப்புப் பழம், ஆங்கில முற்பாதியும் உள்ளூர்ப் பிற்பாதியும் சேர்ந்து ‘கிரெய்பால்டின்’ ஆனது, அதுவும் நின்றது. வளைந்த கனி என்ற பொருளில் வாழைப்பழத்துக்கு வைத்த ‘ப்யூகால்டின்’, ஒளிரும் கனி என்ற பொருளில் ஆரஞ்சுக்கு வைத்த ‘குளோவால்டின்’ இரண்டும் தோற்றன. மக்கள் பனானியையும் ஆப்பெல்சீனாவையும் விடவில்லை. ஆக்கியவர்களின் திறமையில் குறைவில்லை, வேரும் ஒன்றே. தோற்ற இரு சொற்களும் ஏற்கெனவே நன்றாக உருபேற்றுத் திரிந்துகொண்டிருந்த சொற்களை அகற்றப் பார்த்தன. மற்ற இரண்டுக்கும் அப்படிப் பலமான போட்டி இல்லை என்று படுகிறது. வெண்ணெய்ப்பழத்துக்கான ‘லௌர்பெரா’ இப்போது நடுவழியில் நிற்கிறது. ‘அவோகாடோ’ விகுதி ஏற்கத் தடுமாறும் சொல் என்பதால், இந்தப் போட்டியில் லௌர்பெராவுக்கு வாய்ப்பு உண்டு என்று நம்புகிறேன்.

நேர்ப்பெயர்ப்பின் எல்லையை மதுக்கலவை காட்டுகிறது. ஆங்கிலச் சொல்லை அப்படியே பிரித்து, சேவலுக்கு ‘ஹானி’, வால்தோகைக்கு ‘ஸ்த்யேல்’ என்று வைத்து ‘ஹானாஸ்த்யேல்’ ஆக்கினார்கள். அழைப்பிதழ்களில் அதைக் காணலாம். ஆனால் மயோனைசும் தக்காளிச் சாறும் கலந்து உருளைக்கிழங்கு வறுவலுக்குத் தொட்டுக்கொள்ளும் இளஞ்சிவப்புக் குழம்பு எப்போதும் ‘கோக்டெய்ல்சோசா’தான், அதில் சேவலின் வாலை யாரும் சேர்ப்பதில்லை. பாலும் பனிக்கூழும் கலந்த பானத்துக்கு ‘மியோல்குர்ஹ்ரிஸ்டிங்குர்’ என்ற நெடுஞ்சொல் இருக்க, ‘ஸ்யெய்க்’ என்ற ஓரசைச் சொல்லை மக்கள் எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை. அதே பனிக்கூழ்க் கடையில் மிட்டாய்த் துண்டுகளைப் போட்டுக் கடைந்து தருவதற்குப் ‘பிரக்தாரேவுர்’ என்று பெயர். தந்திரசாலியைக் குறித்த பழைய சொல் அது: ‘பிரக்’ என்பதற்குத் தந்திரம் என்றும் சுவை என்றும் இரு பொருள், ‘ரேவுர்’ என்றால் நரி. நீளமான சொல்தான், ஆனால் மகிழ்ச்சி தருவதால் எந்த ஆங்கிலப் பெயரும் அதை அசைக்கவில்லை. சொல்லாக்கம் நீளத்தால் தோற்கிறது என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன்.

நான்காம் வழியைப் பற்றி நீட்டிச் சொல்ல அதிகம் இல்லை. காலையும் நண்பகலும் சேர்ந்த விருந்துக்கு, பழங்காலப் பகலுணவின் பெயரான ‘தோகுர்துர்’ மீட்டெடுக்கப்பட்டது. சில உணவகங்கள் மனமுவந்து எழுதுகின்றன, பெரும்பாலோர் ஆங்கிலத்தைத் திருத்தி ‘ப்ரோன்ஸ்’ என்கிறார்கள். பழஞ்சொல் யாரும் உண்ணும் எதையும் இன்று குறிக்காதபோது, அதை மேசைக்குக் கொண்டுவருவது கடினம்.

பரோயே தீவுகளில் கணக்கே வேறு. ஐஸ்லாந்து 1918-இல் இறையாண்மையும் 1944-இல் குடியரசும் பெற்றது. பரோயே 1948-இல் தன்னாட்சி பெற்று இன்றும் டேனிஷ் முடியாட்சிக்குள் இருக்கிறது. பள்ளியில் டேனிஷ், கடையில் டேனிஷ் பொட்டலம், தொலைக்காட்சியில் டேனிஷ் மொழித்தொடர். ஆகவே அங்கே மொழிக்காப்பு என்றால் முதலில் டேனிஷுக்கு எதிரான காப்பு. ஆங்கிலச் சொல் பெரும்பாலும் டேனிஷ் வாய் வழியாகவே வருகிறது. ஐஸ்லாந்து ‘கொஸ்’ என்னுமிடத்தில் பரோயே ‘சோடாவாத்ன்’ என்கிறது. டேனிஷ் சொல்லின் பிற்பாதியை மட்டும் தன் ‘தண்ணீர்’ ஆக்கிக்கொண்டது. எரிமலைகள் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அடங்கிவிட்ட தீவுகளில் ‘கொஸ்’ அதே காட்சியைத் தராது என்பதும் உண்மை. சாக்லெட் அங்கே ‘ஷோகுலோவாடா’. உருளைக்கிழங்கோ ‘எப்லி’, ஐஸ்லாந்தில் ஆப்பிளைக் குறிக்கும் அதே சொல். பரோயேயில் ஆப்பிளைத் தனியே சுட்ட ‘சூர்எப்லி’, அதாவது புளிப்பு எப்லி என்பார்கள். பழஞ்சொல்லுக்குப் புதுப்பொருள் தரும் நான்காம் வழி ஒரு காலத்தில் அங்கே இயல்பாகவே நடந்திருக்கிறது.

ஆங்கிலத்தோடு பரோயேக்கு நேரடி உறவும் ஒன்று உண்டு. 1940 ஏப்ரலில் பிரிட்டிஷ் படை வந்திறங்கி, போர் முடியும்வரை இருந்தது. உள்ளூர்ப் பெண்களுக்கும் படைவீரர்களுக்கும் இடையே ஏறத்தாழ 170 திருமணங்கள் நடந்தன. பிரிட்டிஷ் சாக்லெட்டின் மீதும், பொரித்த மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் சேர்ந்த தட்டின் மீதும் தீவினருக்கு உள்ள விருப்பம் அந்த ஆண்டுகளின் எச்சம். டென்மார்க்கில் எளிதில் கிடைக்காத பிரிட்டிஷ் இனிப்புகள் பரோயே கடைகளில் கிடைக்கின்றன.

எழுத்துமுறைதான் பரோயேயின் முடிவை உண்மையில் தீர்மானிக்கும் என்று கருதுகிறேன். பரோயே மொழியறிஞர் வெ. உ. ஹம்மர்ஷைம்ப் 1846-இல் வகுத்த எழுத்துமுறை பழைய நோர்ஸின் வேர்வடிவத்தைக் காட்டுமாறு அமைந்தது. அதனால் பார்வைக்கு ஐஸ்லாந்திய மொழியைப் போலவும், ஒலியில் வெகு தொலைவாகவும் இருக்கிறது. ஐஸ்லாந்தில் ‘ஸ்தெய்க்’ என்று ஒலிக்கும் அதே எழுத்துக்கோவை பரோயேயில் ‘ஸ்தாய்க்’. ஆகவே ஐஸ்லாந்தின் ‘பெய்கோன்’ என்ற எழுத்தை அப்படியே எடுத்தால் பரோயேயின் தலைநகரான டோர்ஸ்ஹாவ்னில் அது ‘பாய்கோன்’ ஆகிவிடும். மறுபுறம், ஐஸ்லாந்திய மொழியில் இல்லாத ‘ச்’, ‘ஷ்’ ஒலிகள் இரண்டும் பரோயேயில் இயல்பாக உள்ளன. ‘இ’க்கு முன் வரும் ‘க’ எழுத்தே அங்கே ‘ச்’ ஆக ஒலிக்கும். உருளைக்கிழங்கு வறுவலின் ஆங்கிலப் பெயரைப் பரோயே மரபில் ‘க’ எழுத்தால் தொடங்கினாலே ‘சிப்ஸ்’ என்று சரியாக வந்துவிடும்; ஐஸ்லாந்தியர் அதைப் படித்தால் ‘கிப்ஸ்’ என்பார்கள். ஒலித்திருத்த வழியில் பரோயேக்குக் கிடைத்த இந்த வசதி போதுமான அளவு பயன்படுத்தப்படவில்லை என்பது என் வருத்தம். டேனிஷ் எழுத்துக்கோவையை அப்படியே அச்சிடும் பழக்கம் அதை மறைத்துவிடுகிறது.

இந்த வேறுபாட்டிலிருந்து என் தேர்வு பிறக்கிறது. பரோயே பட்டியல் எழுதுபவர் ஐஸ்லாந்தின் ஒலித்திருத்தங்களைப் பார்த்து எழுதக் கூடாது; தம் காதால் கேட்டுத் தம் எழுத்தில் எழுத வேண்டும். ஐஸ்லாந்தின் சொல்லாக்கங்களையோ தாராளமாக எடுத்துக்கொள்ளலாம், ஏனெனில் அவை இரு மொழிக்கும் பொதுவான வேர்களால் ஆனவை, ஒலி மாறினாலும் பொருள் தெரியும். நீண்ட காலம் டேனிஷ் நெருக்கிய மொழிக்குத் தன் தமக்கையிடம் கேட்டு வாங்குவதில் தாழ்வு எதுவும் இல்லை. 1998-இல் வெளிவந்த முதல் பெரிய ஒருமொழி அகராதியான ‘ஃபோய்ரிஸ்க் ஊராபோக்’ இத்தகைய சொல்லாக்கத்துக்குத் தயங்காமல் இடம் தந்தது. ஆனால் பேச்சுக்கும் அகராதிக்கும் இடையே அங்கு உள்ள இடைவெளி ஐஸ்லாந்தைவிடப் பெரிது. ஆகவே வகைப்பெயர்களுக்கு மட்டும் ஆக்கச்சொல், தனிப் பண்டங்களுக்குத் திருத்திய இரவல் என்ற பகுப்பு, மக்கள் வாய்க்கு நெருக்கமான அகராதியைத் தரும்.

ஐஸ்லாந்துக்கும் அதே பகுப்பையே பரிந்துரைப்பேன், ஆனால் ஆக்கத்துக்கு இன்னும் அகன்ற இடம் விட்டு. அங்கே மொழிக்குழு 1964 முதல் இயங்குகிறது, 2011-இல் மொழிக்கான சட்டமும் வந்தது, நாளேடுகள் ஒத்துழைக்கின்றன. வட ஐரோப்பிய நாளேடுகளின் புதிய இரவல் சொற்களை எண்ணிய ஆய்வில் மிகக் குறைவாக இருந்தது ஐஸ்லாந்தே. ஆயினும் அச்சின் வெற்றி மேசையின் வெற்றி ஆகாது. ஸ்கிர் தயிரில் பழம் போட்டு அடித்த பானத்துக்குத் ‘தெய்டிங்குர்’ என்ற நல்ல சொல் இருக்க, இளைஞர்கள் ஆங்கிலத்திலிருந்து ‘பூஸ்ட்’ என்று எடுத்து, ‘ஸ்கிர்பூஸ்ட்’ என்று உள்ளூர்ச் சொல்லோடு கூட்டிவிட்டார்கள். கூட்டுச்சொல்லுக்குள் நுழைந்த இரவல் சொல்லை வெளியே அனுப்புவது வீண்வேலை. கடைப்பலகையில் நீக்கப்பட்ட ‘இசட்’ எழுத்தைப் போட்டு எழுதும் வழக்கத்தை மட்டும் திருத்தி, ஐஸ்லாந்திய எழுத்தில் எழுதச் செய்தால் போதும். ‘வேகன்’ போல விகுதி ஏற்காத சொல் வரும்போதுதான், அது பரவும் முன்பே, அந்த மாதத்திலேயே, ஆக்கச்சொல்லைப் பட்டியலிலும் பொட்டலத்திலும் சேர்த்தே அச்சிட வேண்டும்.